அற்புதராஜ் கழற்றாமல் விட்ட ரிவெட்டுகள்

நிரஞ்சலா பெஞ்சில் உட்கார்ந்து தொடைப் பட்டியின் கொக்கியை முதலில் கழற்றினாள். பிறகு கெண்டைக்கால் பட்டி. பிறகு சப்பாத்து. மொத்தத்தையும் ஒரே உருவலில் எடுத்து, இரண்டு கைகளாலும் அற்புதராஜிடம் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே, என் கால். நாலு மணி பஸ்ஸுக்குத் திருப்பித் தந்துருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதைக் கொடுத்த கணத்திலிருந்து அந்தப் பெஞ்சை விட்டு அவளால் தானாக அசைய முடியாது என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவள் இடது காலைத் துணிபோல ஆக்கிவிட்டுப் போயிருந்தது. சின்ன வயதில் கம்பூன்றி நடந்து, விழுந்து முறிந்த வலது மணிக்கட்டு இன்றுவரை பாரம் தாங்காது. அதனால் ஊன்றுகோலும் உதவாது. பத்தொன்பது வயதில் இந்தக் கம்பி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அதைக் கலிப்பர் என்பார்கள். காலின் இரண்டு பக்கமும் இறங்கும் அலுமினியப் பட்டைகள், முழங்காலில் பூட்டித் திறக்கும் இரும்பு மூட்டுகள், தோல் பட்டிகள், அடியில் சப்பாத்து. தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் அது நிரஞ்சலாவின் கம்பி. அது கிடைத்த நாள்முதல், இருபத்தைந்து வருடமாக, அவளை யாரும் தூக்கியதில்லை. பசறை வீதியில் ஏழாம் மைல் கட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நூற்றுப் பதினொரு படி தானே ஏறுவாள். காலையில் அதே படிகளில் இறங்கி, பிள்ளை மடுவத்தைத் திறந்து, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பதினான்கு குழந்தைகளைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொள்வாள்.

"நாலு மணிக்கு நீ நடந்து போவ தங்கச்சி," என்றார் அற்புதராஜ்.

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. பதுளைக் கடைத்தெரு அடைத்துக் கிடந்தது. மடுவத்துக்கு லீவு போடாமல் வர அவளுக்கு அந்த ஒரு நாள்தான் வாய்த்தது.

அற்புதராஜுக்கு ஐம்பத்தேழு வயது. முலாம் வேலையை அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பசறைக்கு மேலே ஒரு லயத்தில் பிறந்து, பதினேழு வயதில் பதுளையில் ஒரு சைக்கிள் கடைக்கு வந்தவர். துருப்பிடித்த ஹாண்டில்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் முலாம் போட்டு வருவது அவர் வேலை. அந்தப் பட்டறை வாசலில் காத்திருந்த நேரங்களில், எந்தத் தொட்டிக்குப் பிறகு எந்தத் தொட்டி என்று கொப்பியில் படம் போட்டு வைத்துக்கொண்டார். பெயர் தெரியாததால் நீலத் தொட்டி, பச்சைத் தொட்டி என்றே எழுதினார். நீலம் செம்பு, பச்சை நிக்கல் என்று விளங்கவே ஒரு வருடம் பிடித்தது. பிறகு சொந்தமாக நாலு பீப்பாய் வைத்தார். முதல் இரண்டு வருடம் கெட்டதுதான் அதிகம். கெட்ட சாமான்களை வீசாமல் பின்முற்றத்து மதிலில் வரிசையாக ஆணியடித்து மாட்டினார். ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வார். அவர் மனைவி இருதயம்மா அந்த மதிலை வருகிறவர்களுக்குக் காட்டி, "இவர் எடுத்த மெடலெல்லாம் அங்கதான் இருக்கு," என்பாள்.

அந்த மதிலில் மாட்டாத ஒரு வேலை இப்போது அவர் கையில் இருந்தது. நிரஞ்சலாவின் கம்பிக்கு முலாம் போட்டவர் அவர்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் அண்ணன் இராமையா அதை உரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அது ஆஸ்பத்திரிச் சாமானாகத் தெரியக்கூடாது. வெள்ளி நகைபோல மின்ன வேண்டும் என்றான். அலுமினியத்தில் முலாம் லேசில் ஒட்டாது. காற்றுப் பட்டதுமே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடித்துவிடும். அதைக் கரைத்து, துத்தநாகக் குளியலில் முக்கி, அதன்மேல் செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் குரோம் என்று போக வேண்டும். அற்புதராஜ் அதைப் புதிதாகக் கற்றிருந்த காலம். கை துறுதுறுத்தது. ஆனால் பட்டைகளை மூட்டிலிருந்து பிரித்து, தனித்தனியாக முக்க வேண்டும். மூட்டில் எட்டு ரிவெட் இருந்தன.

"ரிவெட்ட ஒடச்சா திரும்ப அடிக்கிறதுக்கு எங்க போறது?" என்றான் இராமையா. "நாளைக்கு அந்திக்கு நலங்கு. புள்ள எந்திரிச்சி நிக்கணும். நலங்குக்குப் பொண்ணத் தூக்கிட்டு வந்து நிப்பாட்டுனா ஊரு என்ன பேசும் அண்ணே?"

நியாயமாகத்தான் பட்டது. இரும்பு மூட்டுகளை மெழுகால் மூடிவிட்டு, ரிவெட்டைக் கழற்றாமலே பட்டைகளை முக்கினார். வெள்ளிக்கிழமை மதியம் முலாம் கண்ணாடிபோல வந்தது. ஓர் இடத்தில்கூட உரியவில்லை. அலுமினியத்தில் அவர் ஜெயித்த முதல் வேலை அது. பிறகு பல வருடம், புதியவர்கள் அலுமினியம் கொண்டுவந்தால், "ஏழாம் கட்டையில ஒரு புள்ளை காலப் போய் பாருங்க," என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது குரோம் செதிள்செதிளாக எழும்பி நின்றது. எழும்பிய விளிம்பு பிளேடு மாதிரி. கெண்டைக்காலில் அது கீறிய புண் நாலு மாதமாக ஆறவில்லை. சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், இருந்தது. முலாம் முழுக்கப் போனால்தான் புண் ஆறும், இல்லையென்றால் கம்பியையே கட்டக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். புதுக் கம்பிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அளவெடுக்கிற குழு அடுத்த வைகாசியில் வருமாம்.

"முலாமெல்லாம் இனி வேணாம்ணே. மொட்டையா குடுங்க போதும்," என்றாள். "எனக்கு அப்பவே அது புடிக்கல."

அற்புதராஜ் நிமிர்ந்து பார்த்தார். "புடிக்கலயா?"

"மினுமினுன்னு இருந்தா எல்லாரும் கால்தானே பாப்பாங்க? முன்னாடி அது இருக்கிறதே யாருக்கும் தெரியாது. ஆனா அண்ணன் சாக்கப் பிரிச்சப்ப அவர் மொகத்தப் பாத்தேன். அப்புறம் என்னத்தச் சொல்ல?"

இருதயம்மா தேத்தண்ணியோடு வந்தாள். "இந்த மனுசன்கிட்ட மொகத்தப் பாத்து எதையும் சொல்லாம விட்றாத தங்கச்சி. நான் அப்படித்தான் முப்பது வருசமா மாட்டிக்கிட்டிருக்கேன்."

அற்புதராஜ் துளைப்பானை எடுத்தார். இந்த முறை எட்டு ரிவெட்டையும் தலை வெட்டி, தட்டி எடுத்தார். நாலு பட்டைகளும் தனியாக வந்தன: தொடைக்கு இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டிப் பார்த்தார். மூன்று கணீரென்றன. கீழ் வெளிப்பட்டை மட்டும் 'டொக்' என்றது. அதன் ரிவெட் துவாரத்திலிருந்து பல்பொடிபோல வெள்ளைத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது.

அவர் அதை ஊதிவிட்டார். தோல் பட்டியின் பசை ஒட்டியிருக்கும், அதனால்தான் சத்தம் அடைக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தத் தூள் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு யாராவது கொண்டுவந்த சாமானாக இருந்திருந்தால், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, ஊசியால் குத்திப் பார்த்திருப்பார்.

குரோமை நைத்திரிக் அமிலம் தொடாது. அதை எமரித்தாளால் தேய்த்து, கீழே இருக்கும் நிக்கலைத் திறந்துவிட வேண்டும். நாலு பட்டையையும் தேய்த்து முடிக்கும்போது காலை பத்து மணி ஆகிவிட்டது. அடுத்தது காய வைப்பது. இதில்தான் பலர் கெடுப்பார்கள். தண்ணீர் கலக்காத நைத்திரிக் அமிலம் நிக்கலையும் செம்பையும் கரைத்துவிட்டு அலுமினியத்தை விட்டுவைக்கும். அதே அமிலத்தில் தண்ணீர் சேர்ந்தால் அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்கும். ஈரக்கையால் தொட்டாலே போதும். வெளியே மலையிலிருந்து இறங்கிய மூடுபனி முற்றம்வரை வந்து நின்றது. அற்புதராஜ் பட்டைகளைச் சுடுமணல் சட்டியில் புதைத்து, எடுத்து, கண்ணாடித் துண்டை அருகில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் ஆவி படிந்தது. மறுபடி புதைத்தார்.

"என்னண்ணே, கடல வறுக்கிறீங்களா?"

"பொறு. இதுல அவசரப்பட்டா ஒன் கால் கரைஞ்சிரும்."

"பொறுக்காம நான் எங்க ஓடப் போறேன்?"

நடுவில் அவள் இருதயம்மாவைக் கண்ணால் கூப்பிட்டாள். கக்கூஸ் முற்றத்தின் மறுகோடியில். இருதயம்மா இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுத் தூக்கப் போனாள்.

"தூக்க வேணாங்கக்கா. தோள மட்டும் குடுங்க."

ஒற்றைக்காலால் தத்தித் தத்தி இருபதடி போய், இருபதடி திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் மேலுதட்டில் வியர்த்திருந்தது. அற்புதராஜ் அந்த நேரம் முழுக்க மணற்சட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அமிலம் இப்போது முன்னைப்போல நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. ஓர் அனுமதிக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம் கேட்பார்கள். மிச்சமிருந்த ஒன்றரைப் போத்தலை, அடி மூடிய தடித்த குழாயில் ஊற்றி, மதிலோரம் நிமிர்த்திக் கட்டினார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்த்துவிட்டு, நிரஞ்சலாவின் பெஞ்சைப் புகை வராத பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னார். அவளோடு சேர்த்துப் பெஞ்சை நகர்த்த இருதயம்மாவும் அவரும் வேண்டியிருந்தது. பிறகு பட்டைகளை ஒன்றொன்றாகக் கம்பியில் கட்டி இறக்கினார். குழாயின் வாயிலிருந்து மண்ணிறப் புகை எழுந்து மதிலைத் தாண்டிப் போனது. புகை நிற்கும்போது கரைய வேண்டியது கரைந்துவிட்டதென்று அர்த்தம்.

முதல் பட்டை வெளியே வந்து, தண்ணீர்ப் பீப்பாயில் விழுந்து, எழுந்தது. சாம்பல் கலந்த வெள்ளை. வழவழவென்று, யாரும் தொடாததுபோல இருந்தது. நிரஞ்சலா கைநீட்டி வாங்கிப் பார்த்தாள்.

"இதுதான்ணே. இப்படித்தான் இருந்துச்சு," என்றாள் மெதுவாக. கல்யாணத்துக்கு முன்பு பார்த்ததற்குப் பிறகு அவள் அதை இப்போதுதான் பார்க்கிறாள்.

தொடைப் பட்டைகள் இரண்டும் நன்றாக வந்தன. ஆனால் துவாரங்களைச் சுற்றி ஊசிமுனைக் குழிகள் இருந்தன. அற்புதராஜ் அதை அவளிடம் சொல்லவில்லை. கீழ் உள்பட்டை வந்தது. குழிகள் இன்னும் ஆழம். நாலாவதைக் குழாயில் விட்டபோது மணி ஒன்று.

அதன் புகை நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. பத்து நிமிடம் கூடுதலாகப் பொறுத்துவிட்டு அவர் மேலே இழுத்தார். தண்ணீரில் அலசினார். எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

பட்டையின் வழியாக மதில் தெரிந்தது. ரிவெட் இருந்த இடத்திலிருந்து நாலு விரற்கடை நீளத்துக்கு அலுமினியம் சல்லடையாகியிருந்தது. கெண்டைக்கால் பட்டி கட்டும் இடத்தில் இன்னொரு ஓட்டை. உள்ளே அரித்துப் பொடியாகி நிறைந்திருந்த வெள்ளைத் தூளை அமிலம் கழுவிக்கொண்டு போய்விட்டது. இருபத்திரண்டு வருடம் அந்தக் காலைத் தாங்கி நின்றது செம்பும் நிக்கலும் சேர்ந்த தோல்தான். அதைத்தான் அவர் இப்போது கரைத்திருந்தார்.

எப்படி நடந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ரிவெட் அடியில் முலாம் போகவில்லை. அந்த மயிரிழை இடுக்கில் மழையும் வியர்வையும் இறங்கியிருக்கிறது. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நனைந்திருந்தால் அலுமினியம்தான் கரையும். ரிவெட்டைக் கழற்றி முக்கியிருந்தால் இடுக்கே இருந்திருக்காது. முலாமே போடாமல் விட்டிருந்தால் அவளுக்கு வயதாகும்வரை அது உழைத்திருக்கும்.

இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். பட்டை மடிந்தது.

"மணி என்னண்ணே?" என்றாள் நிரஞ்சலா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொண்டாங்க, பாப்பம்," என்றாள்.

அவர் கொண்டுபோய் மடியில் வைத்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நலங்குக்கு முதல் நாள் அவசரத்தையும், காலையில் ஊதிவிட்ட தூளையும்கூட. அவள் ஓட்டைக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டு எடுத்தாள்.

"நான் இன்னைக்கு வராம இருந்திருந்தா?"

"இன்னும் ஒரு மாசம் நின்னிருக்கலாம். ஒரு வருசமும் நின்னிருக்கலாம். எப்ப ஒடையும்னு சொல்ல முடியாது. படியில ஒடஞ்சிருந்தா..."

"படியில ஒடஞ்சிருந்தா விழுந்திருப்பேன். விழுந்து எந்திரிச்சிருப்பேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

இருதயம்மா கணவனைப் பார்த்தாள். அவளிடமும் கேலி எதுவும் இருக்கவில்லை. "ஒட்டுப்போட ஏலாதா?" என்று மட்டும் கேட்டாள்.

அலுமினியம் ஒட்டுகிற ஒரே ஆளின் கடை பூட்டிக் கிடந்தது. அற்புதராஜ் அவருக்குப் போன் எடுத்தார். அவர் கதிர்காமத்தில் இருந்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு, சல்லடையில் ஒட்டு நிற்காது, சூடு பட்டால் மிச்சமும் போய்விடும் என்றார். அற்புதராஜுக்கும் அது தெரிந்ததுதான்.

பழைய கட்டில் சட்டத்திலிருந்து ஓர் இரும்புப் பட்டையை அறுத்தார். வைஸ் இடுக்கியில் இறுக்கி, பழையதன் வளைவுக்கு வளைத்துப் பார்த்தார். அந்த வளைவு லேசான வேலை இல்லை. முப்பது இடத்தில் முப்பது விதமாக, அவள் காலுக்கென்றே ஒருவர் வளைத்தது. வளைத்தவர் செத்துப் பத்து வருடமாகிறது. அற்புதராஜ் மூன்று மணிவரை வளைத்தார், நிமிர்த்தினார், மறுபடி வளைத்தார். போல்ட் போட்டு இறுக்கி, புண்ணுக்கு மேல் பஞ்சு வைத்து, அவரே குனிந்து கட்டிவிட்டார். அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

நாலு மூச்சு நேரம் நின்றாள். பிறகு இரும்பு மெல்ல வெளிப்பக்கம் பிதுங்கியது. முழங்கால் அதோடு போனது. இருதயம்மா பிடித்திராவிட்டால் சீமெந்தில் விழுந்திருப்பாள். கட்டியிருந்த பஞ்சு சிவந்தது.

"இன்னொருக்கா செஞ்சு பாக்கட்டுமா?" என்றார் அற்புதராஜ். கேட்கும்போதே அவர் கை கொக்கிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டது. "ஏலாது தங்கச்சி. நான் முலாம் போடுறவன். எனக்குக் கால் அளக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி செஞ்சு ஒன்ன அனுப்பக்கூடாது."

"இங்கயே படுத்துக்க," என்றாள் இருதயம்மா. "வைகாசி வரைக்கும்கூட இரு. நான் பாத்துக்கிறேன்."

"நாளைக்கு மடுவம் தொறக்கணுங்கக்கா. பதினாலு புள்ள." சொல்லிவிட்டு, மடுவத்தைத் தான் எப்படித் திறப்பது என்று யோசித்தவள்போல, பிரிந்து கிடந்த பட்டைகளைப் பார்த்தாள்.

நாலு மணி பஸ் போய்விட்டது. மேல்வீட்டில் இருந்த காமில் என்ற இளைஞன் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனை இருதயம்மா அழைத்து வந்தாள். முற்றத்திலிருந்து ஆட்டோவரை நிரஞ்சலா தோளைப் பிடித்துக்கொண்டு தத்தியே போனாள். சப்பாத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். அற்புதராஜ் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

ஏழாம் கட்டையில் ஆட்டோ நின்றது. மழை தூறிவிட்டிருந்ததால் படிகள் கறுத்துக் கிடந்தன. காமில் இறங்கி வந்து, "நான் தூக்கவா அக்கா? நமக்கு இது லேசு," என்றான்.

நிரஞ்சலா படிகளை மேலே கடைசிவரை பார்த்தாள். போயா நாள், லயத்தில் எல்லோரும் வாசலில்தான் இருப்பார்கள்.

"வேணாம் தம்பி," என்றாள். பிறகு அற்புதராஜைப் பார்க்காமல், "நீங்களே தூக்குங்கண்ணே," என்றாள்.

அவர் முதுகைக் காட்டிக் குந்தினார். அவள் கழுத்தைச் சுற்றிக் கை போட்டாள். கனமில்லை. ஆனால் எழுவதற்கு அவர் ஒரு கையைப் படியில் ஊன்ற வேண்டியிருந்தது. இடது கால் அவர் இடுப்பில் அங்குமிங்கும் இடித்தது. அதை எப்படிப் பிடிப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"கெண்டையில புடிக்காதீங்க, புண்ணு. முட்டிக்கு மேல. ஆங்."

ஏறினார். முப்பது படிவரை அவள் அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தாள். "இந்தக் கல்லு ஆடும், எடது ஓரமா வைங்க. அடுத்தது ஒசரம். இங்க பாசி." ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. படியோரத்துக் கீழ் லயத்து வாசல்களில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. ஒரு கிழவி படியோரம் வந்து, "என்னாத்தா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. கம்பி ரிப்பேர்."

மடுவத்துக்கு வருகிற நாலு வயதுக் குழந்தை ஒன்று தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டது: "ஆயாவ ஏன் தூக்கிட்டுப் போறாங்க? ஆயா சின்னப் புள்ளையா?"

தாய் அதன் வாயைப் பொத்தினாள். நிரஞ்சலாவின் கை அவர் கழுத்தில் சற்று இறுகியது. அதற்குப் பிறகு அவள் வழி சொல்வதை நிறுத்திவிட்டாள். அற்புதராஜ் தானே கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அறுபத்திரண்டாவது படியில் அவருக்கு மூச்சு அடைத்தது. நின்றார்.

"கொஞ்சம் எறக்கி வைக்கட்டுமா தங்கச்சி?"

"எங்கண்ணே எறக்குவீங்க?"

அவர் பார்த்தார். படி ஒரு முழ அகலம். ஒரு பக்கம் சரிந்த மண்ணும் தேயிலையும், மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். நிற்கத் தெரிந்தவர்கள் நிற்பதற்கு மட்டும் வெட்டிய இடம் அது.

"மூச்ச வாங்கிக்கங்க," என்றாள் நிரஞ்சலா, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து. "அவசரமில்ல."